துண்டுக்குள் வராத விடை

எங்கள் ஆம்பூர் தோல் மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்கிறவனை யாரும் நம்பமாட்டார்கள். விற்கிறவர் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு பேருடைய கைகளின் மேலும் போடுவார். வாங்குகிறவர் துண்டுக்குள் அவர் விரல்களைப் பிடிப்பார், அவரும் பதிலுக்கு இவர் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரலைப் பிடித்தால் நாலு, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. ஐந்துக்கு மேலே என்றால் முதலில் முழுக்கை, அப்புறம் மிச்ச விரல்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். வாய் அதுபாட்டுக்குப் பாலாற்றில் தண்ணீர் வந்ததா, மச்சான் வீட்டுக் கல்யாணம் எந்த மாசம் என்று பேசிக்கொண்டிருக்கும். எங்கள் மண்டியின் வயசான தரகர் ஒருவர் இதைப் பார்த்து, "வாய் விருந்துக்குப் போயிருக்குது, கைதான் கடையில குந்திக்கினு இருக்குது" என்பார். அந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அது ஜாஸ்தி.

நான் வாங்குகிற பக்கம். தோல் பதனிடும் ஷெட் ஒன்றுக்கு ஆட்டுத்தோல் பார்த்து எடுக்கிற வேலை. என் சிநேகிதர் விற்கிற பக்கத்துத் தரகர், வீட்டில் உருது பேசுகிறவர். நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னை 'தோஸ்த்' என்பார். பகல் முழுக்கத் துண்டுக்குள் ஒருத்தர் விரலை ஒருத்தர் முறுக்கிக்கொண்டிருப்போம். நான் குறைக்கப் பார்ப்பேன், அவர் ஏற்றப் பார்ப்பார். சாயங்காலம் ஆனால் தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம்பட்டைக் குவியலின் நிழலில் ஒன்றாக உட்கார்ந்து அல்ஜீப்ரா போடுவோம். மண்டியில் இதைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் சந்தேகம்தான். எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தினமும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தாளில் என்னவோ கிறுக்கினால், அது கணக்குப் பாடம் என்று யார் நம்புவார்கள்? "இன்னா பாய், எங்களுக்குத் தெரியாம இன்னா முடிக்கிறீங்க?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் மெட்ரிக் பரீட்சைக்குப் பிரைவேட்டாகப் படித்துக்கொண்டிருந்தோம். காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசில் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு. மெட்ரிக் இருந்தால்தான் மனுவே வாங்குவார்கள். எனக்கோ அந்த வேலைக்கான வயசு வரம்பு முடிய இருந்தது. அந்த வருஷம் எழுதாவிட்டால் ஆயுசுக்கும் தோல்நாற்றம்தான். பாய்க்கு அப்படி அவசரம் எதுவும் இல்லை. "நீ எழுதுறே, நான் மட்டும் சும்மா இருந்தா இன்னா மரியாதை?" என்று சேர்ந்துகொண்டவர்.

என்னிடம் இருந்த அல்ஜீப்ராப் புத்தகம் வேலூர் லாங் பஜாரில் பழைய பேப்பர்க் கடையில் கிடைத்தது. அதில் இருபடிச் சமன்பாடு வருகிற பக்கங்கள் மட்டும் இல்லை. யாரோ அவற்றில் வேர்க்கடலை மடித்துத் தின்றிருக்கவேண்டும். பாய்தான் கைகொடுத்தார். சின்ன வயசில் மதரஸாவில் பழைய அரபுக் கணக்கு கொஞ்சம் படித்திருந்தார். அதை எனக்குத் தோல் துணுக்குகளை வைத்துக் காட்டினார்.

"எக்ஸ் ஸ்கொயர், கூட ரெண்டு எக்ஸ், சமம் பதினைஞ்சு. சரியா? இதோ பாரு, இது ஒரு சதுரம். பக்கம் எவ்ளோன்னு தெரியாது. அதான் எக்ஸ். ரெண்டு எக்ஸ்னா அது கூட ஒட்டிக்கினு இருக்குற பட்டை. அகலம் ரெண்டு. அதை நடுவுல கிழி."

கிழித்தேன். ஒன்று ஒன்று அகலத்தில் இரண்டு பட்டைகள்.

"ஒண்ணை இந்தப் பக்கம் வை. இன்னொண்ணை அந்தப் பக்கம் வை. இப்ப இன்னா கம்மியா இருக்குது?"

மூலையில் ஒரு சின்னச் சதுரம் காலியாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. அதற்கும் ஒரு துணுக்கை வெட்டி வைத்தேன். பதினைந்தோடு ஒன்று சேர்ந்தால் பதினாறு. பதினாறு உள்ள பெரிய சதுரத்தின் பக்கம் நாலு. ஒட்டவைத்த பட்டையின் அகலம் ஒன்றைக் கழித்தால் மூன்று. எக்ஸ் மூன்று.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. தெரியாத ஒன்றைத் தோலைப்போலத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? அப்புறம் எந்தக் கணக்கு வந்தாலும் மூலையை அடை, வேர் எடு, பட்டையைக் கழி. இதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி.

பரீட்சைக்கு மனு போடவேண்டுமென்றால் ஊரில் உள்ள பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் 'இவர் தகுதியானவர், யோக்கியர்' என்று கையெழுத்துப் போடவேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் கணக்கு வாத்தியார். வாலாஜாபேட்டைக்காரர். சந்தேகத்தையும் சாக்பீஸையும் ஒன்றாகவே பையில் வைத்திருப்பார். "தெரியாதவங்களுக்கு நான் யோக்கியதாபத்திரம் குடுக்கறதில்ல. ஒரு டெஸ்ட் வைக்கிறேன், பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையில் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். பெஞ்சில் மை சிந்திக் காயாமல் இருந்தது. பாய் தோள்துண்டை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் விரித்துக்கொண்டார். எழுதும்போது அவருடைய இடது கை அந்தத் துண்டுக்கு அடியில் கிடந்தது, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. கணக்கு போடும்போது அவருக்கு அப்படி ஒரு பழக்கம். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

மற்றக் கணக்குகள் எல்லாம் சுலபமாகப் போயின. கடைசிக் கணக்கு, எக்ஸ் ஸ்கொயர் கூட ஆறு எக்ஸ், சமம் நாற்பது. மனசுக்குள் தோலைக் கிழித்தேன். மூன்று மூன்றாக இரண்டு பட்டை, மூலைக்கு ஒன்பது, மொத்தம் நாற்பத்தொன்பது, பக்கம் ஏழு, மூன்று போனால் நாலு. எக்ஸ் நாலு என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

வாத்தியார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பெஞ்சின் மேல் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"இந்தக் கணக்குக்கு எத்தனை விடை?"

"ஒண்ணு சார். நாலு."

"பாய், நீங்க சொல்லுங்க."

"நாலுதான் சார்."

"ரெண்டு விடை இருக்குது. நாலு ஒண்ணு. மைனஸ் பத்து இன்னொண்ணு. ரெண்டு பேருமே மைனஸ் பத்தை விட்டுட்டீங்க. ஒருத்தன் விட்டா மறதி. ரெண்டு பேரும் ஒரே எடத்துல விட்டா அதுக்கு இன்னா பேரு?"

அவரே தொடர்ந்தார்.

"எங்கப்பா மாட்டுத் தரகரு. வாலாஜா சந்தையில துண்டுக்குள்ள கை வுட்டுக்கினே என்னை வளத்தாரு. நாலு விரலைப் புடிச்சா நாலு. அது வந்துருக்குது. மைனஸ் பத்து ஏன் வரல தெரியுமா? ஒண்ணுமில்லாததுக்கும் கீழ பத்துன்னு எந்த விரலைப் புடிச்சு சொல்லுவீங்க? துண்டுக்குள்ள அதுக்கு அடையாளமே கிடையாது. அதான் வரல."

எனக்கு அந்த யோசனையின் நேர்த்தி பிடித்திருந்தது. தப்பான சந்தேகம்தான், ஆனால் தையல் பிரியாத சந்தேகம். வேறு எந்த ஊர் வாத்தியாருக்கும் இப்படி ஒரு குற்றம் தோன்றியிருக்காது. எங்கள் ஊர்ப்பக்கத்தானுக்குத்தான் தோன்றும்.

"சார், சத்தியமா இல்ல. தோலை வெட்டி வச்சுதான் நாங்க கத்துக்கிட்டோம்..." என்று ஆரம்பித்தேன்.

"கையெழுத்து இல்ல. போயிட்டு வாங்க" என்றார்.

வெளியில் வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு பூச்சி புகுந்துவிட்டது. துண்டை விரித்தது யார்? பாய். கையைத் துண்டுக்குள் வைத்திருந்தது யார்? பாய். என் தாள் இருந்தது அவருடைய கண் எட்டும் தூரத்தில். பகலெல்லாம் என் விரலைப் படிக்கிறவருக்கு என் பேனா நகர்வதைப் படிப்பது பெரிய வேலையா? கேட்கக்கூடாது என்று நினைத்தேன். நினைக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. என் தாளைப் பாத்தீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் அதையேதான் உன்னைக் கேக்கலாம்னு குந்திக்கினு இருந்தேன், தோஸ்த்."

டீக்கடைக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா, சரக்கு போயிடுச்சா?" என்று கேட்டார். 

அன்றிலிருந்து பட்டைக்குவியல் பக்கம் போவது நின்றுபோனது. பகலில் துண்டுக்குள் கை கோத்தால்கூட இரண்டு பேரும் விறைப்பாகப் பிடிப்போம். அவர் ஏழு என்று பிடித்தால் அது ஏழுதானா என்று இன்னொரு தரம் பிடித்துப் பார்ப்பேன். சந்தேகம் என்பது தோலில் விழுகிற புழு மாதிரி. மேலே ஒரு ஊசித்துளைதான் தெரியும். திருப்பிப் பார்த்தால் உள்ளே சல்லடையாக இருக்கும்.

அடுத்த வாரம் வாத்தியாரே ஆள் அனுப்பினார். ஏன் மனசு மாறினார் என்று சொல்லவில்லை. எங்களைப் பிடித்துவிடவேண்டும் என்று கூப்பிட்டாரோ, விட்டுவிடலாம் என்று கூப்பிட்டாரோ, அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வாசலிலேயே இரண்டு துண்டுகளையும் வாங்கி ஆணியில் மாட்டினார். என்னை வகுப்புக்குள் உட்காரவைத்தார். பாயை வெளியே கிணற்றடிக்கு அனுப்பினார். நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தானே உட்கார்ந்தார். ஒரே ஒரு கணக்கு. எக்ஸ் ஸ்கொயர் கூட முப்பத்திரண்டு, சமம் பன்னிரண்டு எக்ஸ்.

இரண்டு தடவை படித்தேன். பட்டை தப்பான பக்கத்தில் இருந்தது. சதுரத்தோடு பட்டையை ஒட்டுவதுதான் எங்களுக்குப் பழக்கம். இதில் சதுரத்தையும் முப்பத்திரண்டையும் சேர்த்தால் பட்டை வருகிறது. அதாவது பன்னிரண்டு நீளத் தோலிலிருந்து சதுரத்தை வெட்டி எடுத்தால் மிச்சம் முப்பத்திரண்டு. நெடுநேரம் தாளில் கட்டம் போட்டேன், அழித்தேன். பழைய வழக்கப்படி பன்னிரண்டைப் பாதியாக்கினேன். ஆறு. ஆறாறு முப்பத்தாறு. முப்பத்திரண்டு போனால் நாலு. நாலின் வேர் இரண்டு. ஆறிலிருந்து இரண்டைக் குறைத்தால் நாலு. போட்டுப் பார்த்தேன். பதினாறும் முப்பத்திரண்டும் நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நாலும் நாற்பத்தெட்டு. பிழைத்தேன் என்று தாளை நீட்டினேன்.

பாயும் கிணற்றடியிலிருந்து வந்து நீட்டினார். அவர் தாளில் எட்டு என்று இருந்தது.

வாத்தியார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கினார். "ஓஹோ. இந்தத் தடவை வேற வேற எழுதலாம்னு பேசி வச்சுக்கினு வந்தீங்களா?"

"நாங்க பேசறதே இல்ல சார்" என்றார் பாய். அதைச் சொன்ன விதத்தில் வாத்தியாரே ஒரு நிமிஷம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு எப்படி வந்துச்சு, சொல்லு."

"ஆறுல ரெண்டைக் குறைச்சேன் சார்."

"எட்டு எப்படி வந்துச்சு, பாய்?"

"ஆறுல ரெண்டை ஏத்தினேன் சார்."

"ஏன் ஏத்தினீங்க? இவன் ஏன் குறைச்சான்?"

எங்களுக்குத் தெரியவில்லை. வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "மண்டியில நீ வாங்குற பக்கம். இவரு விக்கிற பக்கம். நடுவுல ஆறு நிக்குது. நீ கீழ இழுத்துட்டே, இவரு மேல இழுத்துட்டாரு. துண்டுக்குள்ள கை கோத்திருந்தா ஒரே நம்பர்ல முடிச்சிருப்பீங்க. ரெண்டா விட்டிருக்க மாட்டீங்க."

"அப்ப எது சார் சரி?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாரு."

எட்டெட்டு அறுபத்திநாலு, கூட முப்பத்திரண்டு, தொண்ணூற்றாறு. பன்னிரண்டு எட்டும் தொண்ணூற்றாறு. பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். இரண்டும் சரி. ஆளுக்குப் பாதி.

வாத்தியார் கரும்பலகைக்கு எழுந்துபோய் பழைய கணக்கை எழுதினார். எக்ஸ் ஸ்கொயர் கூட ஆறு எக்ஸ். நாற்பதைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து கழித்தார். "பெருக்கினா நாற்பது வரணும், ஒண்ணுலேந்து ஒண்ணு போனா ஆறு வரணும். எந்த ரெண்டு?"

"பத்தும் நாலும்" என்றார் பாய்.

அதை இரண்டு அடைப்புக்குறிகளாக எழுதினார். எக்ஸ் கூட்டல் பத்து ஒன்று, எக்ஸ் கழித்தல் நாலு இன்னொன்று, இரண்டையும் பெருக்கினால் சைபர். "பெருக்கிச் சைபர் வந்தா ரெண்டுல ஒண்ணாவது சைபரா இருந்தே ஆகணும். எது சைபர்னு நீ யாரு சொல்ல? ரெண்டையும் சந்தேகப்படணும். இது சைபர்னா எக்ஸ் நாலு. அது சைபர்னா எக்ஸ் மைனஸ் பத்து. உங்க தோல் கணக்குல நாற்பத்தொன்பதுக்கு வேர் ஏழுன்னு எடுத்தீங்க. மைனஸ் ஏழைப் பெருக்கினாலும் நாற்பத்தொன்பதுதான். அது தோல்ல தெரியாது. அதான் ரெண்டு பேரும் ஒரே எடத்துல விழுந்தீங்க."

தோலை வெட்டிக் கற்றதைப் போன வாரம் நான் சொல்ல வந்தபோதே அவர் காதில் அது விழுந்திருக்கிறது. நம்பத்தான் ஒரு வாரம் பிடித்திருக்கிறது.

எனக்கு இன்னும் ஒப்பவில்லை. "சார், சதுரத்தோட பக்கம் எப்படி சார் மைனஸ் பத்து இருக்கும்? அப்படி ஒரு ஆட்டை எவன் சார் மேய்ப்பான்?"

"நம்ப வேணாம். போட்டுப் பாரு."

மைனஸ் பத்தை மைனஸ் பத்தால் பெருக்கினால் நூறு. ஆறு தடவை மைனஸ் பத்து, மைனஸ் அறுபது. நூறில் அறுபது போனால் நாற்பது. வந்துவிட்டது. வந்ததுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. கண்ணால் பார்க்கமுடியாத ஆள் வாசலில் நின்று என் பேரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

வாத்தியார் இரண்டு மனுக்களிலும் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதிக்கொண்டே, "நான் நம்பிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. புடிக்க முடியல, அவ்ளோதான். வேலூர்ல பரீட்சை எழுதறப்போ ரெண்டு பேருக்கும் தோள்ல துண்டு இருக்கக்கூடாது" என்றார்.

திரும்பி வரும்போது பாய் தாமாகவே பேசினார். ஏற்றினாலும் விடை வரும் என்று மதரஸாவில் சொல்லிக்கொடுத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறதாம். எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரோ என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. அது உண்மையான மறதியா, தரகர் மறதியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரீட்சை வேலூரில் கோட்டைக்குப் பக்கத்தில். மண்டபத்தின் ஒரு கோடியில் நான், மறுகோடியில் பாய், நடுவில் தலைகளின் காடு. துண்டில்லாத தோள் யாரோ தொட்டுவிட்டுப் போன மாதிரி குறுகுறுத்தது. கணக்குத் தாளில் இருபடிச் சமன்பாடு வந்தது. எக்ஸ் ஸ்கொயர் கூட நாலு எக்ஸ், சமம் நாற்பத்தைந்து. இரண்டு பட்டை, மூலைக்கு நாலு, நாற்பத்தொன்பது, ஏழு, ஐந்து. பேனாவைக் கீழே வைக்கப் போனேன். அப்புறம் அந்த ஐந்தை முறைத்துப் பார்த்தேன். இதற்குப் பின்னால் ஒருத்தன் ஒளிந்திருக்கிறான். அடைப்புக்குறி போட்டேன். மைனஸ் ஒன்பது தலையை நீட்டினான். அவனையும் எழுதினேன்.

காட்பாடியில் ஆம்பூர் வண்டி ஏறினோம். ஆளுக்கொரு துண்டு பைக்குள் இருந்தது, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டோம். எதிரில் எங்கள் மண்டித் தரகர் ஒருவர், லாங் பஜாருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர், உட்கார்ந்திருந்தார். பரீட்சை எப்படி என்று பாயை நான் கேட்கவில்லை. நாலு என்ற விடையில் விழுந்த அந்தச் சந்தேகம் இன்னும் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது. வண்டி பாலாற்றங்கரை மணலை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பாய் தம்முடைய துண்டை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட்டார்.

உள்ளே என் கையை முழுசாகப் பிடித்தார். ஐந்து. விட்டார். மறுபடி முழுக்கை, அப்புறம் நாலு விரல். ஒன்பது. விடுவார் என்று பார்த்தேன். விடாமல் என் கையை மணிக்கட்டோடு பிடித்து, உள்ளங்கை மேலே வரும்படி திருப்பிப் போட்டார்.

அப்படி ஓர் அடையாளம் எந்த மண்டியிலும் கிடையாது. ஆனால் எனக்குப் புரிந்தது, அது மைனஸ். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து என் தாளைப் பார்த்திருக்க முடியாத மனுஷன், நான் எழுதியதையே எழுதியிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்து ஐந்தும், ஒன்பதும் சொல்லி, அதேமாதிரி திருப்பினேன். வெளியே நாங்கள் வேலூர் வெயிலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எதிரில் இருந்த தரகரின் கண் துண்டைவிட்டு நகரவில்லை. "இன்னா பாய், ஐஞ்சுக்கு மேல போச்சு போல இருக்குது? எந்த ஊர்ச் சரக்கு?"

"சரக்கு இல்ல அண்ணே, அல்ஜீப்ரா" என்றார் பாய்.

"சரி சரி, சொல்ல வேணாம்" என்றார் அவர். ஆம்பூரில் எங்களுக்கு முன்னால் இறங்கி, மண்டியைப் பார்த்து வேகமாக நடந்தார்.

பின்னாளில் காட்பாடி பார்சல் ஆபீசில் தோல்கட்டுகளுக்கு நான் ரசீது எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எதிரில் இருந்த அந்தத் தரகர் வருவார். அன்றைக்கு வண்டியில் எந்தச் சரக்கை முடித்தோம் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் உள்ளதைச் சொல்வேன். ரசீதை வாங்கி மடித்துக்கொண்டே, "வேலைக்கு வந்தும் உனக்கு இந்த மறைக்கிற குணம் போவல" என்பார்.